நாடகம் பிற்போடப்பட்டால் நுழைவுச்சீட்டுப் பணம் யாருக்கு?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் உடன் படித்த நான்கு தோழியருடன் ஒரு வார இறுதியைக் கொழும்பில் கழிப்பதற்கு ஏற்பாடு செய்து, சனிக்கிழமை மாலை நாடகத்துக்கு ஐந்து நுழைவுச்சீட்டுகளை, ஒன்று 3,000 ரூபா வீதம், இணையவழியில் வாங்கினேன். வியாழன் இரவு, நாடகம் மூன்று வாரங்களுக்குப் பிற்போடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்தவர்களுக்கும் கனடாவிலிருந்து வந்தவருக்கும் புதிய திகதி சரிவராது. பணத்தைக் கேட்டால், ‘கட்டணம் மீளளிக்கப்படமாட்டாது’ என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறோமே என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிய இடங்களில் கனடாத் தோழியிடம் வெளிநாட்டவர் கட்டணம் வாங்கினார்கள். மதிய உணவுக்குக் கடனட்டை கொடுத்தபோது நூற்றுக்கு 3 ரூபா கூட்டினார்கள். 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலை 100 ரூபாவுக்கு விற்றார்கள். இவற்றில் எதைக் கேட்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: நீங்கள் 15,000 ரூபா கொடுத்து வாங்கியது அந்தச் சனிக்கிழமை மாலைக்கான ஐந்து இருக்கைகள். மூன்று வாரம் கழித்து வரும் ஒரு மாலையை நீங்கள் வாங்கவில்லை. ‘மீளளிக்கப்படமாட்டாது’ என்ற வாசகம், மனம் மாறியவருக்கும் பேருந்தைத் தவறவிட்டவருக்கும் சொல்லப்படுவது. நாளை மாற்றியவர் ஏற்பாட்டாளராக இருக்கும்போது அதையே கேடயமாகப் பிடிப்பதை நான் நியாயமாகக் கருதவில்லை.

முதலில் யாரிடம் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். கொழும்பு 7இன் லயனல் வென்ட் அரங்கு போன்ற இடங்களை நாடகக் குழுக்கள் வாடகைக்கு எடுத்தே மேடையேற்றுகின்றன. ஆகவே மண்டபத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சத்தம் போடுவதால் உங்கள் பணம் வராது. சீட்டில் ஏற்பாட்டாளர் என்று அச்சிடப்பட்டவருக்கும், சீட்டை விற்ற இணையத்தளத்துக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘முகவர் மாத்திரமே’ என்று இணையத்தளம் கைகழுவக்கூடும். பணத்தை வாங்கிக்கொண்டது அது என்பதால் கடிதத்தில் அதன் பெயரும் இருக்கட்டும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை: வாங்கிய திகதி, தொகை, பிற்போட்ட குறுஞ்செய்தி வந்த நேரம், புதிய திகதியை ஏற்கவில்லை என்ற ஒரு வரி, பணத்தைத் திருப்புவதற்கு 14 நாள் அவகாசம். அந்த ஒரு வரியைத்தான் பலர் எழுத மறக்கிறார்கள். குறுஞ்செய்திக்கு ‘சரி, பார்ப்போம்’ என்று பதில் அனுப்பியிருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதிடுவார்கள். உங்களில் யாராவது புதிய திகதியில் போய்ப் பார்க்க விரும்பினால் அவருடைய சீட்டைக் கழித்துவிட்டு மிகுதிக்கு மட்டும் கேளுங்கள். ஐந்துக்கும் பணம் கேட்டுவிட்டு நாடகத்தையும் பார்ப்பது முறையன்று.

14 நாளில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்யலாம். பொருள் மட்டுமன்றிச் சேவையும் அதில் அடங்கும். விசாரணையின் பின் நட்டஈட்டையோ மீளளிப்பையோ கட்டளையிடும் அதிகாரமும் சபைக்கு உண்டு. முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கிடைக்க வேண்டும். சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசியதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். எச்சரிக்கைக்காக, பணம் செலுத்திய நாளிலிருந்தே மூன்று மாதத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.

தோழியரின் ரயில் கட்டணத்தையும் கேட்கலாமா என்றால், கேட்கலாம், கிடைப்பது அரிது. அவர்கள் நாடகத்துக்காக மட்டுமே வந்தார்கள் என்று நீங்கள் நிறுவ வேண்டியிருக்கும். ஞாயிறு முழுவதும் ஊர் சுற்றிய புகைப்படங்களை வைத்துக்கொண்டு அதை எப்படி நிறுவுவது?

வெளிநாட்டவர் கட்டணத்தில் முறையிட எதுவுமில்லை. தேசிய நூதனசாலையிலும் தாமரைக் கோபுரத்திலும் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வெவ்வேறு கட்டணங்கள் அறிவிக்கப்பட்டே அறவிடப்படுகின்றன. உங்கள் தோழி இரட்டைக் குடியுரிமை உள்ளவராயின், அடுத்த முறை தேசிய அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ கையில் கொண்டுவரட்டும். தமிழில் சரளமாகப் பேசுவதை எந்த வாயிலிலும் சான்றாக ஏற்கமாட்டார்கள். அந்த நூதனசாலையில் இருக்கும், காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தீர்களா? சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு திகதியிட்டது. அதன் தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என ஒவ்வொன்றையும் கணக்கிட்டுச் சொல்கிறது. சாமிக்குக் கொடுத்ததற்கே பற்றுச்சீட்டு வெட்டி வைத்திருக்கிறார்களே என்று நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது இன்றைய வியாபாரியின் சட்டக் கடமை.

மதிய உணவுப் பற்றுச்சீட்டு இருந்தால் அதை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் இருந்தால் திடுக்கிட வேண்டியதில்லை. உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் சிறிதாகப் போட்டிருக்கும் இரண்டு கூட்டல் குறிகளின் பொருள் அதுதான். ஆனால் வரி அறவிடுபவர் அதற்குப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவிலக்கம் பற்றுச்சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கடனட்டைக்கான 3 வீதத்தின் கதை வேறு. வங்கிக்கு வியாபாரி செலுத்த வேண்டிய கட்டணத்தை வாடிக்கையாளரின் தலையில் கட்டக்கூடாது என்று மத்திய வங்கி பல முறை அறிவித்திருக்கிறது. அட்டை இயந்திரத்திலிருந்து வந்த சிறு துண்டுச்சீட்டின் மேற்பகுதியில் ஒரு வங்கியின் பெயர் இருக்கும். உங்கள் அட்டையை வழங்கிய வங்கி வேறாக இருக்கலாம்; முறைப்பாடு போக வேண்டியது இயந்திரத்தைக் கொடுத்த வங்கிக்கு.

தண்ணீர் விடயம் சிறியது போலத் தோன்றினாலும் நான்கிலும் மிகத் தெளிவானது அதுதான். 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட உச்ச விலை 70 ரூபா. கூட்டி விற்பவர் தனிநபரானால் 1 இலட்சம் முதல் 5 இலட்சம் வரையும், கம்பனியானால் 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையும் தண்டம் உண்டு. இதற்கு 1977க்கு அழைத்துக் கடையின் பெயரையும் இடத்தையும் சொன்னால் போதும். அந்த 30 ரூபா உங்கள் கைக்குத் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.