விடுபட்ட ‘கே’யும் ஒரு வாளித் தண்ணீரும்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். வளாகத்தை ‘ஸ்பிக் அண்ட் ஸ்பான்’ (பளிச்சென்று சுத்தம்) ஆக வைத்திருக்கும்படி ஆங்கிலத்தில் சுற்றறிக்கை எழுதி, வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘ஸ்பிக்’ (spick) கடைசியில் ‘கே’ (k) போடவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகள், “அப்பா, அது வசைச்சொல்” என்று குழுவிலேயே எழுதிவிட்டாள். மானம் போயிற்று. எது சரி? மனைவி ஆங்கில ஆசிரியையாக இருந்தவர்தான். அப்போது அவர் வீடு துடைத்துக்கொண்டிருந்ததால் அவரிடம் கேட்கவில்லை.
- மதுரை வாசகர், வயது 66

பதில்: ‘கே’ போட்டே எழுதுங்கள். ‘கே’ இல்லாத வடிவத்தையும் அகராதிகள் ஏற்கின்றன. அமெரிக்காவில் 1933-இல் பிறந்த ஒரு துப்புரவுத் தூளின் பெயரிலும் ‘கே’ கிடையாது. ஆனால் ‘கே’ இல்லாத ‘ஸ்பிக்’ தனியே நின்றால், அங்கே லத்தீன் அமெரிக்கரை இழிவுபடுத்தும் வசை. மகள் சொன்னதில் பாதி நியாயம். அதை அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் நடுவில் பெற்றவரைத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. பழைய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடருக்கு முதலில் சுத்தம் என்ற பொருளே இல்லை. ‘ஸ்பான்’ என்பது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் மரச்செதில். தச்சர் அப்போதுதான் இழைத்த செதில்போலப் புத்தம் புதியது என்று அர்த்தம். லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் 1665-இல் தம் நாட்குறிப்பில், சேற்றுச் சந்தில் ஒரு சீமாட்டி போட்டு நடந்த புது வெள்ளைச் செருப்பைத்தான் இப்படி எழுதினார்.

இலக்கணம் போதும். உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு வருகிறேன். வீட்டிலேயே ஆங்கில ஆசிரியை. அவரிடம் ஏன் கேட்கவில்லை? துடைத்துக்கொண்டிருந்தாராம். ஊரார் நடைபாதை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலம் தேடுகிறீர்கள். எழுத்துப் பிழை பார்க்கத் தெரிந்தவர் உங்கள் காலடியில் குனிந்து தரை துடைக்கிறார். “கொஞ்சம் காலைத் தூக்குங்க” என்று சொல்லியிருப்பார், நீங்களும் தூக்கியிருப்பீர்கள். உங்கள் மானம் வாட்ஸ்அப்பிலா போயிற்று? பென்ஷன் வாங்கும் வயதில் வீட்டு வேலையில் பாதி ஆம்பளைக்கு உண்டு. அதை உதவி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த சுற்றறிக்கையைச் சிவப்புப் பேனாவோடு அவரிடம் கொடுங்கள். அவர் திருத்தி முடிக்கும்வரை மாப் உங்கள் கையில் இருக்கட்டும். அறைக்கு அறை தண்ணீரை மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் கோடு கோடாகத் தெரியும். அவர் அதையும் வட்டம் போட்டுக் காட்டுவார்.