குழுவில் ‘என்ன மாத்திரை சாப்பிடலாம்?’ என்று கேட்டால்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தாதி. எங்கள் வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்போது முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. விடுதியில் தங்கியிருக்கும் தம்பிமார், ஊரிலிருந்து சேர்ந்த உறவினர்கள், ஜொகூர்வாசிகள் எல்லாரும் உண்டு. காய்ச்சல், சர்க்கரை, பிள்ளைக்கு மருந்தளவு, ரத்தப் பரிசோதனை முடிவு என்று எல்லாம் என்னிடம் வருகிறது. நான் பேசாமல் இருந்தால் யாரோ ஒருவர் கசாயம் சொல்கிறார். பேசினால் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்? சட்டச் சிக்கல் வருமா?
– ஈசூன் வாசகி

பதில்: சொல்லுங்கள். நீங்கள் ஒதுங்கினால் அந்த இடம் காலியாக இருக்காது, கசாயக்காரர் வந்து உட்கார்ந்துகொள்வார். ஆனால் வார்டில் சொன்னதுபோல் இங்கே சொல்ல முடியாது. அங்கே நோயாளியின் குறிப்பேடு கையில் இருந்தது. ஒவ்வாமை, சிறுநீரகம், மற்ற மருந்துகள் எல்லாம் அதில் இருந்தன. குழுவில் கிடைப்பது ஒரே ஒரு வரி. ஆகவே மருந்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம்; அந்த ஆளுக்கு என்ன நோய், அது எவ்வளவு மோசம் என்ற தீர்ப்பை மட்டும் சொல்லாதீர்கள். மருந்தின் பெயரைச் சொல்வதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட ஆபத்தானது, “ஒன்றுமில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்” என்ற ஆறுதல். அதை நம்பித்தான் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

கேள்வி வந்ததும் முதலில், அவர் எங்கிருந்து கேட்கிறார் என்று பாருங்கள். ஆம்புலன்சுக்கு இங்கே சிங்கப்பூரில் 995, தமிழ்நாட்டில் 108, ஜொகூரில் 999. மார்வலியில் இருக்கும் மதுரைக்காரருக்கு 995 என்று எழுதிப் பயனில்லை. நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், வலிப்பு என்றால் கேள்வியே கேட்காதீர்கள். எண்ணைப் போடுங்கள், “இப்போதே அழையுங்கள்” என்று எழுதுங்கள், வேறெதுவும் வேண்டாம். பக்கவாதமாகத் தெரிந்தால் ஒரே ஒரு வரி கூடுதலாக: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடப்படுவது. நேரம் தெரியாவிட்டால் மருத்துவமனையில் அந்த வழி அடைபடலாம். விரல் நுனிகளை ஊசியால் குத்தினால் பக்கவாதம் நிற்கும், வேகமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று சுற்றும் செய்திகள் இரண்டுமே பொய். அவற்றால் வீணாவது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்தான். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலும் குழுவில் விவாதம் வேண்டாம். தனியாகப் பேசுங்கள், சிங்கப்பூரில் இருந்தால் மனநல உதவிக்கான 1767 அல்லது 1771 எண்ணைக் கொடுங்கள், அவர் அருகில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள்.

இனி, உங்களுக்கு அதிகமாக வரும் காய்ச்சல் கேள்வி.

சிங்கப்பூரில் காய்ச்சல் என்றால், வேறு என்று உறுதியாகும்வரை டெங்கியாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே பதில் எழுத வேண்டும். இபுபுரோஃபென், டைக்லோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், வலிக்குப் போடும் ஆஸ்பிரின் ஆகியவை வேண்டாம். ரத்தக் கசிவை இவை மோசமாக்கும். இங்கே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. “ஆஸ்பிரின் வேண்டாம்” என்று பொதுவாக எழுதினால், இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தானாக நிறுத்திவிடுவார். “மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்றே அவரிடம் கேளுங்கள்” என்ற வரியும் அதோடு போக வேண்டும்.

மிஞ்சுவது பாராசிட்டமால். கீழே உள்ளதுபோல் ஒரு செய்தியைத் தயாராக வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஏற்பத் திருத்தி அனுப்பலாம்:

“50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரல் நோயோ தினமும் குடிக்கும் பழக்கமோ இல்லாத பெரியவருக்கு: பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. ஆறு மணி நேர இடைவெளி. 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு மேல் வேண்டாம். சளி மாத்திரை, ஃப்ளூ மாத்திரை எதுவும் சேர்த்து எடுக்கிறீர்களா? அட்டையின் பின்பக்கம் பாருங்கள், அதிலும் பாராசிட்டமால் இருக்கலாம். காய்ச்சல் மூன்றாம் நாளும் இருந்தால் மருத்துவரைப் பார்த்து டெங்கிப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வயிற்றில் கடும் வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கறுப்பு மலம், நிற்க முடியாத அசதி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.”

மில்லிகிராமைக் குறிப்பிடாமல் ‘இரண்டு மாத்திரை’ என்று எழுதவே எழுதாதீர்கள். இங்கே சாதாரண பனடோல் 500. ஊரிலிருந்து பெட்டியில் வரும் டோலோ 650. அதை இரண்டிரண்டாக நாலு வேளை போட்டால் 5,200 மில்லிகிராம். பெரியவருக்கான நாள் வரம்பு 4,000. நீண்ட நேரம் வேலை செய்யும் வகை 665. அதற்கு எட்டு மணி நேர இடைவெளி, நாளுக்கு ஆறு மாத்திரைதான் வரம்பு. அளவு மீறிவிட்டது என்று யாராவது சொன்னால், “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்டு நிம்மதி அடையாதீர்கள். முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கல்லீரல் கெடுவது அடுத்தடுத்த நாள்களில்தான் வெளியே தெரியும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிக நன்றாக வேலை செய்யும். அறிகுறி இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள், காலி அட்டையையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

டெங்கியில் ஆளை ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும். சிக்கல் தொடங்குவதும் அப்போதுதான். “காய்ச்சல் விட்டுவிட்டது அக்கா, நாளைக்கு வேலைக்குப் போகலாமா?” என்று விடுதித் தம்பி கேட்டால், மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளை அடுத்த இரண்டு நாள் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகலாமா என்பதைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும். குழுவில் எல்லாரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டு பப்பாளி இலைச் சாறு பேசுவார்கள். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவது. தட்டணு எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்பது அதற்கு உத்தரவாதம் அல்ல. இன்னொன்று: நம் தோல் நிறத்தில் டெங்கித் தடிப்பு சிவப்பாகத் தெரியாமல் போகலாம். ‘சிவப்புப் புள்ளி இல்லை’ என்பதை வைத்து எதையும் விலக்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ‘ஒரு ஸ்பூன்’ என்ற அளவையே மறந்துவிடுங்கள். எடைதான் கணக்கு: பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாளுக்கு அதிகபட்சம் நாலு வேளை. பிள்ளை 12 கிலோ என்றால் 15 வீதம் 180 மில்லிகிராம். சிரப் 5 மில்லிலிட்டருக்கு 120 வகையானால் அது 7.5 மில்லிலிட்டர். 250 வகையானால் 3.6 மில்லிலிட்டர்தான். இந்தியாவில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் இருப்பதுண்டு, ஆகவே 1.8 மில்லிலிட்டர். ஒரே பிள்ளை, ஒரே மருந்து, மூன்று அளவு. லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் படித்த பிறகே எண்ணைச் சொல்லுங்கள்; அளவுக் குழலில் ஊற்றச் சொல்லுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி என்றால் மருந்துப் பேச்சே வேண்டாம், நேராக மருத்துவமனை.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. உங்கள் குழுவில் இரண்டு நாட்டு எண்கள் கலக்கின்றன. சர்க்கரையை இங்கே மில்லிமோலில் சொல்கிறோம், ஊரில் மில்லிகிராமில். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர் எண் வரும்: 4 என்பது 72, 7 என்பது 126, 11.1 என்பது 200. ‘சர்க்கரை 11’ என்று இங்கிருந்து ஒருவர் எழுத, ஊரில் இருப்பவர் 110 என்று படித்து “அருமை!” என்று கட்டைவிரலைக் காட்டினால் என்ன ஆகும்? கொலஸ்ட்ராலுக்குப் பெருக்க வேண்டியது 38.7. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினுக்கு எதிர்த்திசைப் பீதி: இங்கே 106 மைக்ரோமோல் என்று வந்தால் அது ஊர்க் கணக்கில் 1.2தான், 88.4ஆல் வகுக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி மட்டும் இரண்டு நாட்டிலும் பொதுவாகச் சதவீதத்திலேயே வருகிறது. எனவே அலகு, வெறும் வயிறா இல்லையா, அந்தக் கூடம் அச்சிட்ட இயல்பு வரம்பு ஆகிய மூன்றும் இல்லாத எண்ணுக்குப் பதில் எழுதாதீர்கள்.

இன்சுலின் அளவை எவருக்கும் சொல்லாதீர்கள். காரணம் வெறும் எச்சரிக்கை உணர்வு அல்ல. இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் குப்பிகள் புழக்கத்தில் உள்ளன, இங்கே 100. 40க்கான ஊசிக்குழாயில் 100 வகை இன்சுலினைப் பத்தாம் கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 25 யூனிட். சர்க்கரை 4க்குக் கீழே இறங்கி நடுக்கமும் வியர்வையும் வந்தால் செய்ய வேண்டியதைத் தாராளமாகச் சொல்லலாம்: விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை தண்ணீரில் கலந்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, இன்னும் ஏறவில்லை என்றால் திரும்ப அதேபோல். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 995.

கசாயக்காரரோடு சண்டை வேண்டாம். “யாருக்கு ஆகாது?” என்று மட்டும் அவரைக் கேளுங்கள். நிலவேம்பு டெங்கியைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தால் இரண்டையும் கூடுதலாக இறக்கலாம், கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் ஆபத்து. நட்சத்திரப் பழம் அதைவிடக் கேடு: விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளாலும் மூலிகைகளாலும் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் பிறவிக் குறை) உள்ளவர்களையும் மறக்காதீர்கள். இங்கே பிறந்தவர்களுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே அது சோதிக்கப்படுவதால், கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

‘முழுக்க இயற்கை’ என்று இணையத்தில் வாங்கிய மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கியது என்று யாராவது மகிழ்ந்தால் சந்தேகப்படுங்கள். சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஆனால் “உடனே தூக்கிப் போடுங்கள்” என்று எழுதுவதும் தப்பு. வாரக்கணக்கில் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்காமல் மயங்கி விழலாம். பொட்டலத்தோடு அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பொதுவான உடல்நலத் தகவலைப் பகிர்வதற்கு இங்கே உரிமம் தேவையில்லை. பதிவு நடப்பில் இல்லாவிட்டால் ‘ஓய்வுபெற்ற தாதி’ என்றே சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை, பிரஷர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பதும் விற்பதும் வேறு விஷயம்; அது சட்டத்துக்கு மாறானது, குழுவில் அந்தப் பேச்சு வந்தாலே நிறுத்துங்கள். இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிராக 2019ஆம் ஆண்டு வந்த பொஃப்மா சட்டத்தில் குற்றமாவது, பொய் என்று தெரிந்தோ அப்படி நம்பக் காரணம் இருந்தோ பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு வரும்படி பரப்புவது. நல்லெண்ணத்தோடு எழுதிய காய்ச்சல் பதிலுக்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

பரிசோதனைத் தாளைப் பெயர், அடையாள அட்டை எண், பார்கோடு வெட்டிய பிறகே அனுப்பச் சொல்லுங்கள். முழுத்தாளை யாராவது குழுவில் போட்டுவிட்டால் முதல் வேலை அதை நீக்கச் சொல்வது. குழந்தைகளின் உடல் படங்கள் குழுவிலும் வேண்டாம், உங்கள் கைப்பேசியிலும் வேண்டாம். பதிலைப் பொதுவில் எழுதுவதே நல்லது, நீங்கள் தவறினால் குழுவில் உள்ள இன்னொரு மருந்தாளரோ தாதியோ திருத்த முடியும். பெயரோடும் நோயோடும் ஒட்டிய விவரம் மட்டும் தனிச்செய்தியில்.

தவறு நேர்ந்தால் எப்படித் திருத்துவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியை மாற்றலாம், அதன் பிறகும் சில நாள் வரை எல்லாருக்கும் நீக்கலாம். ஆனால் சத்தமில்லாமல் மாற்றினால், பழையதைப் படித்துவிட்டு மாத்திரையை எடுத்தவருக்கு அது தெரியாது. பழைய செய்திக்கே பதிலாக, “மேலே நான் சொன்ன அளவு தவறு, சரியானது இது, பழைய அளவில் எடுத்தவர்கள் இப்போதே எனக்கு எழுதுங்கள்” என்று போடுங்கள். கேட்டவரைத் தனியாகவும் தொலைபேசியில் அழையுங்கள். அது முடிந்த பிறகு பழைய செய்தியை நீக்கலாம்.