மீண்டெழுந்த கதையை மணலில் செதுக்குவது எப்படி? – கேள்வி பதில்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பந்திங் வட்டாரத் தோட்டப்புற இளைஞர்கள், வரும் பள்ளி விடுமுறையில் மோரிப் கடற்கரையில் ஒரு பெரிய மணற்சிற்பம் அமைக்க இருக்கிறார்கள். பொருளாதார நெருக்கடிகளில் நொடிந்துபோய், பிறகு தலையெடுத்த நம் குடும்பங்களின் கதைதான் கருப்பொருள். மணற்சிற்ப வேலையில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதால் உறுப்பினர்கள் கேள்விகளை எனக்கு அனுப்பினார்கள். பதில்களைக் கீழே தந்துள்ளேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தெலுக் பங்லிமா காராங்: மாணவர்கள் வானை நோக்கி உயர்த்திய முட்டிக்கையையோ, தீயிலிருந்து எழும் பறவையையோ செய்ய ஆசைப்படுகிறார்கள். பொருத்தமாக இருக்குமா, ஐயா?

இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன், அம்மா. மணலுக்கு அடி அகலமாகவும் நுனி குறுகலாகவும் இருக்க வேண்டும். மெலிந்த மணிக்கட்டின் மேல் கனத்த முட்டியை வைத்தால் வெயில் ஏறுவதற்குள் விரிசல் விடும். விரித்த சிறகோ செதுக்கும்போதே விழும். இதைவிடப் பெரிய காரணம், அந்த உருவங்களில் நம் கதை எதுவும் இல்லை என்பது.

நான் பரிந்துரைப்பது 1960-இல் நடந்த ஒன்றை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்க, வேலையோடு சேர்த்து லயத்து வீட்டையும் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பு) இழந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்த காலம் அது. அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு எதிராக, அன்று ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) திரட்டி, முதலில் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. தாம் கூலிக்கு உழைத்த மண்ணுக்குத் தாமே பங்குதாரர் ஆவதற்காக, அன்றாடங்காய்ச்சிகளாக இருந்தவர்கள் 10 வெள்ளியை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதைவிட மீட்சிக்கு வேறு எந்தச் சின்னம் வேண்டும்?

மணலுக்கும் அந்தக் காட்சி நன்றாக ஒத்துவரும். ஒரு மேசை, அதன் பின்னால் உட்கார்ந்து பெயர் எழுதுபவர், எதிரே தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை, அவர்களுக்குப் பின்னால் லயத்துச் சுவர். ஒவ்வோர் உருவமும் பக்கத்து உருவத்தையோ சுவரையோ தொட்டுக்கொண்டே நிற்பதால் எதுவும் தனித்து நிற்க வேண்டியதில்லை. கைகளை உடம்போடு ஒட்டியே செதுக்குங்கள். முகங்களில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பத்து வெள்ளி நோட்டைப் பற்றியிருக்கும் விரல்களுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்.

பால்வெட்டுத் தொழிலாளியின் மகள், கேரித்தீவு: எங்கள் அம்மா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். இன்று சுற்றிலும் செம்பனைதான். பால்மரத்தையும் சிற்பத்தில் சேர்க்க முடியுமா?

அவசியம் சேர்க்க வேண்டும். ஆனால் கிளையும் இலையும் வேண்டாம். தோள் உயரம் வரை அடிமரம் மட்டும், சுவரோடு ஒட்டியபடி போதும். அந்த அடிமரத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வெட்டுக்கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு இறங்கும். அது முடியும் இடத்தில் பால் வழியும் தகரமும் அதன் கீழே பால் சேரும் மங்கும் (கோப்பை) இருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பட்டை சீவப்படுவதால் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. கோட்டுக்கு மேலே, சீவப்பட்ட இடத்தில், மரம் புதுப்பட்டையை வளர்த்துக்கொண்டே வருகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் பால் வெட்டலாம்.

ஆகவே கோட்டுக்குக் கீழே இன்னும் வெட்டப்படாத பழைய பட்டையை விரல் நுனியால் குத்திக் கரடுமுரடாக்குங்கள். கோட்டை ஒட்டிய மேற்பகுதியைக் கரணையால் வழுவழுப்பாக்குங்கள். அதற்கும் மேலே, வளர்ந்து முற்றிய புதுப்பட்டையை உலர்ந்த தூரிகையால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். உங்கள் அம்மாவின் பால்வெட்டும் கத்தி இன்னும் வீட்டில் இருந்தால் அதையே கொண்டு வாருங்கள். அதன் மடிந்த முனை ஈரமணலில் இழுக்கும் பள்ளத்தைக் கடையில் விற்கும் எந்தச் சிற்பக் கருவியாலும் அப்படியே இழுக்க முடியாது. அவரே வந்து அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

படிவம் ஐந்து மாணவர், ஜுக்ரா: மோரிப் மணலே போதுமா, அண்ணா? தண்ணீர் எப்படி மணலைப் பிடித்து வைக்கிறது?

மோரிப் கரையில் மேலே மணலாகத் தெரிவதன் அடியில் சேறு இருக்கும், தம்பி. 1945 செப்டம்பர் 9 அன்று இங்கே கரையிறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் வண்டிகள் பல அந்தச் சேற்றில்தான் புதைந்தன. சிறிதளவு வண்டல் கலந்த மணல் நன்றாகப் பிடிக்கும். வண்டல் மிகுந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும் மீதி நீருமாக நிரப்பிக் குலுக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேலே படியும் குழைந்த அடுக்கு தடிமனாக இருந்தால் அந்த மணலை விட்டுவிட்டு, கட்டட வேலைக்கு விற்கும் மெல்லிய பூச்சு மணலை லாரியில் இறக்கச் சொல்லுங்கள். அலையில் உருண்டு தேய்ந்த மணிகளைவிட முனை மழுங்காத மணிகள் ஒன்றையொன்று நன்றாகக் கவ்வும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, இரு மணல்மணிகளுக்கு இடையே தங்கும் சிறு நீர்த்துளியின் பரப்பு இழுவிசைதான் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. கன அளவில் ஏறத்தாழ 1 விழுக்காடு நீரிலேயே மணல் மிகுந்த வலிமை பெறுகிறது என்று இயற்பியலாளர் டேனியல் போன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் மணலை அடுக்கும்போது தாராளமாகவே நீர் ஊற்ற வேண்டும். அது வடியும்போதுதான் மணிகள் நெருங்கிப் படியும். வடியாமல் நின்றால் மணல் குழம்பாகிவிடும்.

பற்றவைப்புத் தொழிலாளி, பந்திங்: மணலை நிரப்பி இறுக்கும் பெட்டிகளை நான் செய்து தருகிறேன். என்ன அளவில் வேண்டும்?

அடிப்பெட்டி 1.2 மீட்டர் சதுரம், 60 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியும் மூடியும் வேண்டாம், நான்கு பக்கப் பலகைகள் போதும். அதில் ஒன்றரை டன்னுக்கு மேல் ஈரமணல் பிடிக்கும். அத்தனை எடையும் பலகைகளை வெளியே தள்ளும் என்பதால் ஆணியை நம்பாமல், லாரியில் சரக்குக் கட்டும் பட்டையால் சுற்றி இறுக்குங்கள். வரிசைக்கும் சுவருக்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் நான்கைப் பக்கம் பக்கமாக வைத்து, அவற்றின் மேல் குறுகிய பெட்டிகளை அடுக்கலாம். ஒரு சாண் உயரத்துக்கு மணல், பிறகு நீர், பிறகு திமிசால் (இடித்து இறுக்கும் கட்டை) இடிப்பது; இந்த முறையை எந்த அடுக்கிலும் விட்டுவிடக் கூடாது. செதுக்குவது மேற்பெட்டியிலிருந்து தொடங்கும். மேலே வேலை முடிந்த பிறகே அதற்கடுத்த பெட்டியைக் கழற்ற வேண்டும்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), சுங்கை மங்கீஸ்: மீண்டவர்களை மட்டும் காட்டுவது நியாயமா?

நியாயமில்லை, ஐயா. 1929-க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்தபோது கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு மீட்சி என்று சொல்ல இங்கே எதுவும் மிஞ்சவில்லை. அதனால் லயத்துச் சுவரில் ஒரு கதவைத் திறந்தபடி, உள்ளே ஆளில்லாமல் செதுக்கச் சொல்வேன். ஒரு சாண் ஆழத்துக்குக் குடைந்தால் போதும். நிழலே மீதியைச் செய்துவிடும். அதற்கு விளக்கப் பலகை தேவையில்லை.

இல்லத்தரசி, பந்திங்: நோய்த்தொற்றுக் காலத்தில் உதவி தேவை என்பதற்கு அடையாளமாக எங்கள் அடுக்குமாடியில் வெள்ளைக்கொடி கட்டினோம். அதைக் காட்டலாமா? சிலருக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை, அக்கா. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டுகொண்டே போக, 2021-இன் நடுவில் நாடு முழுக்க எல்லா இனத்தவர் வீடுகளிலும் அந்தக் கொடி தொங்கியது. உதவி கேட்கத் துணிந்ததும் மீட்சியின் ஒரு பகுதி என்பதே என் உறுதியான எண்ணம். மணலில் பறக்கும் கொடியைச் செய்ய முடியாது. சன்னல் விளிம்பில் மடிந்து தொங்கும் துணியாகச் சுவரிலேயே புடைப்பாகச் செதுக்குங்கள். சன்னலுக்குக் கீழே அரிசி மூட்டையை இறக்கி வைக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் இருக்க வேண்டும். ஆனால் கொடி கட்டிய குடும்பங்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். யாருடைய வீடு என்று அடையாளம் தெரியும்படி எதுவும் வேண்டாம்.

மாலை மழைக்கு என்ன செய்வது?

கூடாரம் போடுங்கள், அதன் விளிம்பிலிருந்து சொட்டும் நீர் சிற்பத்தின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையை ஏறத்தாழ பத்து மடங்கு நீரில் கலந்து, மெல்லிய தூவலாக அடித்தால் மேற்பரப்பு இறுகும். ஒரே நாளில் கலைக்கப் போகிறீர்கள் என்றால் பசையே வேண்டாம்.

சிறு பிள்ளைகளும் வருவார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கிள்ளான் கரையோரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நீர் ஏறி இறங்கும் அளவு 4 மீட்டரையும் தாண்டும். எனவே நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து, உயர்ந்த நீர்க்கோட்டுக்கு மேலே இடம் பிடியுங்கள். நீருக்காகவோ மணலுக்காகவோ பிள்ளைகளின் முழங்காலுக்கு மேல் ஆழமாகக் குழி தோண்டக் கூடாது. மணற்குழி சரிந்து பிள்ளைகள் இறந்த செய்திகள் உலகின் பல கடற்கரைகளிலிருந்து வந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் சிற்பத்தை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். பிள்ளைகள் ஏறி விளையாடினால் அந்த எடை அவர்கள் மேலேயே சரியும். பெரியவர்கள் மேலிருந்து மண்வெட்டியால் வெட்டிச் சரித்து, குழிகளை மூடி, தரையை மட்டமாக்கி, பட்டை, பலகை, ஆணி எல்லாவற்றையும் சரிபார்த்து வண்டியில் ஏற்றிய பிறகே கிளம்ப வேண்டும்.