ஓட்டுநரில்லாப் பந்தயக் கார் – கடிதம்

வணக்கம் ஐயா,

பெங்களூரு யெலஹங்கா பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து, அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவில், தானாக ஓடும் பந்தயக் கார் ஒன்று செய்திருக்கிறோம். லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லிடார் வழிகாட்ட, பியூர் பர்சூட் என்ற பாதை பின்தொடரும் முறையில் ஓடுகிறது. வேகம் கூட்டினால் நேர்பாதையில் பாம்பாக நெளிகிறது. வளைவில் வழுக்கிச் சுவரில் இடிக்கிறது. 2021-இல் இண்டியானாபோலிஸில் ஓட்டுநரில்லாக் கார்களின் பந்தயத்தில் வென்ற மியூனிக் அணியைப் போல, முன்கணித்துக் கட்டுப்படுத்தும் எம்.பி.சி. முறைக்கு மாறிவிடலாமா? அதற்காக எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடையில் வலுவான கணினி போர்டு ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம்.

கே.

அன்புள்ள கே.,

போர்டுக்கான காசு கொஞ்ச நாள் பையிலேயே இருக்கட்டும். நெளிவும் வழுக்கலும் வேறு வேறு கோளாறுகள்.

பியூர் பர்சூட், பாதையில் சற்று முன்னால் ஒரு புள்ளியைக் குறிவைத்து, அதைத் தொடும் வட்ட வில்லில் காரைத் திருப்புகிறது. அந்தப் புள்ளியின் தூரத்தை மாறாத எண்ணாக வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். லிடார் பார்த்ததற்கும் சக்கரம் திரும்புவதற்கும் நடுவே 100 மில்லிவிநாடி கழிந்தால், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கார் 60 செ.மீ. தாண்டியிருக்கும். பிந்தி வரும் திருத்தம் எல்லை மீறுகிறது, அதைத் திருத்த இன்னொன்று. வேகத்துக்கேற்ப அந்தத் தூரமும் நீளட்டும். அளவுக்கு மீறி நீட்டினால் வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு போகும்.

வழுக்கல்தான் சுவாரசியமானது. பியூர் பர்சூட் வெறும் வடிவியல். டயர் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 1 மீட்டர் ஆரமுள்ள வளைவில், டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் உராய்வுக் கெழு 0.8 என்றால், விநாடிக்கு 2.8 மீட்டருக்கு மேல் எந்தக் கட்டுப்பாட்டு முறையாலும் காரைப் பாதையில் வைத்திருக்க முடியாது. தரையில் தூசி படிந்து கெழு 0.4 ஆனால் வரம்பு விநாடிக்கு 2 மீட்டர்தான். பிரேக்கும் திருப்பமும் அதே பிடிமானத்தைப் பங்குபோட்டுக்கொள்வதால், வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் வரம்பைக் கணக்கிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து பிரேக் பிடிக்கும் இடத்தைக் குறியுங்கள்.

எம்.பி.சி. அடுத்த சில கணங்களைக் கணித மாதிரியில் ஓட்டிப் பார்த்து, சிறந்த கட்டளை வரிசையைத் தேர்ந்து, முதல் கட்டளையை மட்டும் நிறைவேற்றிவிட்டு மறுபடி கணக்கிடுகிறது. அழகான முறைதான். ஆனால் அந்த மாதிரிக்கும் உராய்வுக் கெழு வேண்டும். அதை நீங்கள் இன்னும் அளக்கவில்லை.

2020-இல் ரோபோரேஸ் என்ற ஓட்டுநரில்லாக் கார்களின் பந்தயத்தில் ஒரு கார் புறப்பட்டதுமே சுவரில் மோதியது. ஸ்டீயரிங் கட்டளை எண்ணே அல்லாத மதிப்பாகி, சக்கரம் வலப்பக்கம் முழுதாகத் திரும்பி நின்றுவிட்டதாம். உங்கள் நிரலில் அப்படிப்பட்ட மதிப்பைத் தடுக்கும் வரி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை எழுதுங்கள்.