மதுரை வெயில்ல பால் பைத்தானுக்கு ஹீட் மேட் தேவையா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வில்லாபுரத்துல மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற ரூம்ல ஒரு பால் பைத்தான் (ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) வளர்க்குறேன். அத வைக்கிற கண்ணாடி டேங்க் வாங்கும்போதே, அடியில வச்சு கரண்ட்ல சூடு குடுக்குற ஹீட் மேட்டும் கொடுத்து, 24 மணி நேரமும் ஓடணும்னு சொல்லிட்டாங்க. இப்ப ஒரு வாரமா பாம்பு எந்நேரமும் தண்ணிக் கிண்ணத்துக்குள்ளயே சுருண்டு கிடக்கு. மேட்ட நிறுத்தலாமா?

பதில்: தம்பி, முதல்ல எந்திரிச்சுப் போய் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு வந்து மிச்சத்தப் படிங்க. 24 மணி நேரமும் ஓடணும்ங்கிறது வீட்டுக்குள்ளயே 18, 20 டிகிரி இருக்கிற குளிர் நாட்டுக்காரங்களுக்குச் சொன்னது, அத அப்படியே தூக்கிட்டு வந்து சித்திரை மாசத்து மதுரையில, அதுவும் பகல் பூரா வெயில் குடிச்சு ராத்திரி பூரா சூட்டக் கக்குற காங்கிரீட் தளத்துக்குக் கீழ வச்சா பாம்பு என்ன ஆகும்? தண்ணியில கிடக்குறதுக்கு உண்ணி ஒரு காரணமா இருக்கலாம் (கிண்ணத்துத் தண்ணியில கடுகவிட சின்னதா கருப்புப் புள்ளி மிதக்குதான்னு பாருங்க), தோல் உரிக்கப் போற நேரமாவும் இருக்கலாம், ஆனா இந்த ரூம்ல முதல் சந்தேகம் சூட்டு மேலதான்.

ஆப்பிரிக்கா பாம்புதானே, வெயில் தாங்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இது கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு, அங்கயும் பகல்ல வெயில்ல காயாது, எலி வளைக்குள்ளயும் கரையான் புத்துக்குள்ளயும் போய்ப் படுத்துக்கும். பாம்புக்கு உடம்புச் சூட்ட தானா உண்டாக்கிக்கத் தெரியாது, சூடான பக்கம் போயி ஏத்திக்கும், போதும்னா அங்கிட்டு நகர்ந்து இறக்கிக்கும், அதனால டேங்க்ல ஒரு பக்கம் 31லருந்து 33 டிகிரி, எதிர்ப்பக்கம் 25லருந்து 27 இருக்கணும். உங்க ரூமே 34 டிகிரின்னா குளிர்ந்த பக்கம்னு ஒண்ணே கிடையாது, பாம்பு தப்பிச்சுப் போக மிச்சம் இருக்கிற ஒரே இடம் அந்தக் கிண்ணம்தான். நம்ம ஊர்ல சூடு குடுக்குறது சுலபம் தம்பி, குளிர்ந்த பக்கத்தக் காப்பாத்துறதுதான் வேலை.

முடிஞ்சா டேங்கக் கீழ்வீட்டுக்கு, மேற்கு வெயில் படாத ரூமுக்கு மாத்துங்க. முடியாதுன்னா மானாமதுரைப் பானை ஒண்ணு வாங்கி, வாய ஒரு பக்கம் உடைச்சு, விளிம்ப உப்புத்தாள் போட்டு நல்லா மழுக்கிட்டு, குளிர்ந்த பக்கம் கவுத்து வைங்க, வெளிப்பக்கம் காலையிலயும் மத்தியானமும் லேசா தண்ணி தெளிங்க, பாம்பு ஒளிஞ்சுக்கவும் ஆச்சு உள்ள சில்லுன்னும் இருக்கும். மண்ணு ஈரத்த உறிஞ்சு ஆவியா விடுற வேலைய பிளாஸ்டிக் குகை செய்யாது. தெளிக்கிறேன்னு அடியில போட்டிருக்கிற தேங்காய் நார்த்தூளச் சொதசொதன்னு ஆக்கிறாதீங்க, வயித்துச் செதில்ல புண்ணு வந்துரும். ஏசி இருந்தா 26, 27ல வைங்க, காத்து நேரா டேங்க்ல அடிக்கக்கூடாது. கரண்ட் போயிட்டா ஃப்ரீசர்ல உறைய வச்ச தண்ணி பாட்டில துணியில சுத்தி டேங்க் கண்ணாடிக்கு வெளிய குளிர்ந்த பக்கமா சாத்தி வைங்க.

மேட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க. மார்கழி, தை ராத்திரி 20, 21 வரைக்கும் இறங்கும், அப்ப வேணும். இரை தின்ன பாம்பு குளிர்ல கிடந்தா செரிக்காமக் கக்கிரும், குளிர் நீடிச்சா சளி கட்டி மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வரும், வாயோரம் நுரை தள்ளும். ஆனா தெர்மோஸ்டாட் (சூடு ஏறினா மேட்ட தானா நிறுத்தி, குறைஞ்சா தானா போடுற கருவி) இல்லாம மேட்ட சொருகவே சொருகாதீங்க. தெர்மோஸ்டாட் வாங்க காசு இல்லன்னா மேட்டையும் வாங்காதீங்க, அவ்வளவு உறுதியா சொல்றேன்.

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் நாட்டுக்கோழிப் பண்ணை வச்சிருக்கேன். இன்குபேட்டர்ல இருந்த டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒண்ணு சும்மா கிடக்கு. மகனோட பாம்புக்கு அத மாட்டலாமா?

பதில்: மாட்டலாம்ணே. சூடு குறைஞ்சா ஆன், ஏறினா ஆஃப், ஹீட் மேட்டுக்கு அந்த வேலை போதும். ஆனா அது கோழி முட்டைக்கு 37.5 பக்கத்துல செட் பண்ணி இருந்திருக்கும், மாத்தாம அப்படியே மாட்டினா பாம்பு வெந்துரும், அதனால முதல் வேலையா 32க்குக் கொண்டு வாங்க. டிகிரி வித்தியாசம்னு ஒரு செட்டிங் இருக்கும் (ஆஃப் ஆகுற சூட்டுக்கும் திரும்ப ஆன் ஆகுற சூட்டுக்கும் நடுவுல விடுற இடைவெளி), அத 1 டிகிரிக்கு மேல வைக்காதீங்க. ஒயரிங்க எலெக்ட்ரீஷியன விட்டு, பெட்டிக்குள்ள போட்டு, எர்த்தோட பண்ணச் சொல்லுங்க, பக்கத்துலயே தண்ணிக் கிண்ணம் இருக்கு பாருங்க.

நிறைய பேர் கோட்ட விடுற இடம் ப்ரோப் தான், அதான் கன்ட்ரோலர் ஒயர் நுனியில சூட்ட அளக்குற முனை. நார்த்தூளுக்கு மேல வச்சா மேல 32 காட்டும், அடியில கண்ணாடி 40ஐத் தாண்டி இருக்கும், பாம்பு தூளத் தோண்டி அடியில போயி அங்கதான் படுக்கும், வயித்துல சுடுதுன்னு தெரிஞ்சு நகர்ந்துக்கும்னு தயவுசெஞ்சு நம்பாதீங்க, சுடச்சுட அப்படியே கிடக்குற பாம்புதான் அதிகம். மேட் டேங்குக்கு வெளிய அடியில, தரையில மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கணும், ப்ரோப் உள்ள அதுக்கு நேர் மேல கண்ணாடிய ஒட்டி, தூளுக்கு அடியில இருக்கணும். செல்லோ டேப் போட்டு ஒட்டிறாதீங்க, பாம்பு அதுல மாட்டுனா தோல் பிஞ்சுரும், மீன்தொட்டிக்குப் போடுற சிலிக்கான் வச்சு ஒட்டி நல்லா காய விடுங்க. ப்ரோப் கழண்டு வெளிய விழுந்தா கன்ட்ரோலர் ரூமோட சூட்டப் பாத்து இன்னும் ஏறலையேன்னு மேட்ட ஓட்டிக்கிட்டே இருக்கும், கிண்ணம் கவுந்து ப்ரோப் நனைஞ்சாலும் அதே கதைதான். கன்ட்ரோலருக்குள்ள இருக்கிற ரிலே (மேட்ட ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச்) ஆன்லயே ஒட்டிக்கிறதும் உண்டு. அதனால தனியா ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வச்சு, உங்க மகன தினமும் காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. கண்ணாடியில ஒட்டுற ஸ்டிக்கர் தெர்மாமீட்டர் இதுக்கு ஆகாது.

கேள்வி: ஹீட் மேட்டுக்குப் பதிலா சாதா பல்ப் போட்டா பத்தாதா? திருநகர்லருந்து கேக்குறேன்.

பதில்: ராத்திரி பூரா வெளிச்சம் அடிச்சா பாம்புக்கு ராத்திரின்னே ஒண்ணு இருக்காதுக்கா. மேலருந்துதான் சூடு வேணும்னா வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டர் இருக்கு, அதுக்குப் பீங்கான் ஹோல்டர்தான் போடணும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிரும். சுத்தி கம்பி வலைக் கூண்டு கட்டாயம், இல்லன்னா பாம்பு ஏறி அதுலயே சுத்திக்கும். இதுக்கும் தெர்மோஸ்டாட் வேணும். டேங்குக்குள்ள வைக்க, கரண்ட்ல சூடாகுற சூடு கல்லுன்னு ஒண்ணு விக்கிறாங்க, அத வாங்கவே வாங்காதீங்க.

கேள்வி: மேலூர் பக்கம் வயல்ல ஒரு மண்ணுளி கிடைச்சுச்சு. டப்பாவுல வச்சிருக்கோம், எவ்வளவு சூடு குடுக்கணும்?

பதில்: எதுவும் குடுக்க வேணாம், இன்னைக்கே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைச்சிருங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அத வீட்ல வைக்கிறது குத்தம். வெளிநாட்டுப் பாம்புன்னாலும் பால் பைத்தான் சைட்ஸ் (அழியுற ஆபத்துள்ள உயிரினங்களோட வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, 2024ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும், வாங்குறவங்க விக்கிறவர்கிட்ட அந்தப் பதிவுக் காகிதத்தக் கேட்டு வாங்குங்க.

கேள்வி: எங்க பாம்போட வயித்துல ரெண்டு செதில் செவந்து லேசா உப்பியிருக்கு. மஞ்சள் தடவலாமா? (திருமங்கலம்)

பதில்: வேணாம். மஞ்சள், தேங்காண்ணெய், டூத் பேஸ்ட் எதுவும் வேணாம், இது சூட்டுப் புண்ணாத்தான் தெரியுது. மேட்ட நிறுத்துங்க, தூள எடுத்துட்டு அச்சு மை இல்லாத வெள்ளைத் தாள விரிங்க, கொப்புளத்த உடைக்காம நாளைக்கே கால்நடை மருத்துவர்கிட்ட கொண்டு போங்க, போறதுக்கு முன்னாடி பாம்பு பாப்பாங்களான்னு ஃபோன்ல கேட்டுருங்க. துணிப்பைக்குள்ள போட்டு, அந்தப் பைய காத்து ஓட்டை போட்ட டப்பாவுல வச்சு, காலையில வெயில் ஏறுறதுக்குள்ள போயிருங்க, பைக் டேங்க் மேல மட்டும் வச்சிறாதீங்க, அங்கயும் சூடு ஏறும். புண்ணு ஆறுற வரைக்கும் இரை போடுறதப் பத்தி டாக்டர் சொல்றபடி செய்யுங்க.