தென் கொரியாவுல சின்னப் பசங்களோட இருக்கற தமிழ் அம்மாவுக்கு குடும்ப வாழ்க்கை, பண்டிகை நாளெல்லாம் எப்படிப் போகும்? அங்க இருக்கறவங்க சொல்லுங்களேன்

கேள்வி கேட்டவங்க வீட்டுக்காரருக்கு சியோலுக்குப் பக்கத்து ஊரான சுவொன் பக்கம் வேலை கிடைச்சிருக்குன்னும் ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு வரலாமா வேணாமான்னு குழம்பிட்டு இருக்கறதாவும் போட்டிருக்காங்க. நானும் அதே சுவொன்லதான் இருக்கேன், அதே ரெண்டு பசங்க, அதே மாதிரி வீட்டுக்காரர் வேலைக்காக வந்தவதான், பெரியவ இப்போ ஸ்கூல் போறா, சின்னவன் இங்கயே பொறந்தான். என்னோடது எஃப்-3 விசா, கூட வர்ற குடும்பத்துக்குக் குடுக்கறது, தனியா அனுமதி வாங்காம சம்பளத்துக்கு வேலை பாக்க முடியாது, அதனால வீடு, பசங்க, டேகேர் வாசல், மார்ட் இதுதான் நம்ம ராஜ்ஜியம். பாதுகாப்பு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் நல்லாவே இருக்கும், அத நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் பண்டிகைய பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா நான் பாத்த வரைக்கும் புதுசா வந்த அம்மாக்கள் அழுறது சாதாரண நாள்ல இல்ல, லீவு நாள்லதான்.

நம்ம ஊர்ல பண்டிகைன்னா வாசல்லயே தெரிஞ்சிரும். கோலம், ஸ்பீக்கர், பட்டாசு, யார் வீட்டுல என்ன பலகாரம்னு வாசனையே சொல்லிடும். இங்க அப்படி இல்ல. பெரிய பண்டிகை ரெண்டு, சொல்லால்னு சந்திர வருஷப் பொறப்பு, அது ஜனவரி கடைசிலயோ பிப்ரவரிலயோ வரும், இன்னொன்னு சுசோக், அவங்க கணக்குல எட்டாவது மாசப் பௌர்ணமி, அறுவடைப் பண்டிகை. ரெண்டுக்குமே மூணு மூணு நாள் லீவு. அந்த மூணு நாளும் ஊரு காலி. எல்லாரும் சொந்த ஊருக்குக் கெளம்பிடுவாங்க, கே.டி.எக்ஸ் ரயில் டிக்கெட் புக்கிங் திறந்த கொஞ்ச நேரத்துல தீந்துரும், நம்ம தீபாவளி ரயிலு மாதிரியேதான், ஹைவேல டோல் வாங்க மாட்டாங்க ஆனா வண்டி நகராது, சாதாரணமா நாலஞ்சு மணி நேரத்துல போற சியோல் பூசான் ரோடு எட்டு மணி நேரத்துக்கு மேல கூட இழுக்கும். நீங்க அபார்ட்மென்ட் ஜன்னல்ல நின்னு பாத்தீங்கன்னா கார் பார்க்கிங் பாதி காலியா இருக்கும், பசங்க விளையாடற இடத்துல உங்க பசங்க ரெண்டு பேர் மட்டும் ஊஞ்சல் ஆடிட்டு இருப்பாங்க, வழக்கமா போற காய்கறிக் கடையும் மூடியிருக்கும்.

யாரும் நம்மள கூப்பிடலயேன்னு தோணும். தோணத்தான் செய்யும். ஆனா அது நம்மள ஒதுக்கறது கிடையாது, இத மட்டும் மனசுல போட்டுக்கோங்க. சுசோக் காலைல அவங்க பண்றது சாரியேன்னு ஒரு சடங்கு, செத்துப்போன தாத்தா பாட்டி கொள்ளுத்தாத்தாவுக்கு மேசை நிறைய படையல் போட்டு விழுந்து கும்புடுறது, அப்புறம் கல்லறைக்குப் போயி வணங்குறது. நம்ம வீட்டுல மகாளய அமாவாசைக்கு இலை போட்டு படைக்கறப்போ பக்கத்து ஃபிளாட்காரங்கள கூப்பிடுவோமா? அதேதான். கிறிஸ்தவக் குடும்பங்கள்ல நிறைய பேர் படையல் போடாம ஜெபம் பண்ணிக்குவாங்க, ஆனா அப்பவும் குடும்பம் மட்டும்தான்.

இன்னொரு கூத்து சொல்றேன். நான் ஊரு ஞாபகத்துல, மாமியார் வீட்டுல எல்லாரும் சேந்து முறுக்கு சுத்தறத நெனச்சு ஏங்கிட்டு இருந்தா, டேகேர் வாசல்ல நிக்கற கொரிய அம்மாக்கள் என்னப் பாத்து பொறாமப்படுறாங்க. "உங்களுக்கு சுசோக்குக்கு மாமியார் வீடு போக வேணாமா? ஐயோ, குடுத்து வச்சவங்க!" விளையாட்டுக்கு இல்ல, நெஜமாத்தான் சொல்றாங்க. பண்டிகைக்கு முந்தின நாள் மருமகளுங்க எல்லாம் கணவர் வீட்டுக்குப் போயி தரையில பேப்பர விரிச்சு, மின்சாரத் தோசைக்கல்ல நடுவுல வச்சுக்கிட்டு, சுரைக்காய் மாதிரி இருக்கற அந்த ஹோபாக், மீன், கறி உருண்டைன்னு ஒவ்வொண்ணா மாவுல, முட்டைல தோய்ச்சு சுட்டு எடுக்கணும், அதுக்கு ஜொன்னு பேரு, மணிக்கணக்கா உக்காந்து முதுகு போயிரும், அந்த நேரம் ஆம்பளைங்க டிவி பாத்துட்டு இருப்பாங்க. கேட்ட கதையா இருக்கா? பண்டிகை நோவுன்னு அதுக்கு இங்க தனிப் பேரே இருக்கு. 2022ல சுங்க்யூங்க்வான், அதாவது இங்க கன்ஃபூசிய முறைக்கெல்லாம் மடம் மாதிரி இருக்கற அமைப்பு, அவங்களே வெளிப்படையா ஒரு படையல் மாதிரிய அறிவிச்சு எண்ணெய்ல சுட்ட ஐட்டம் எல்லாம் கட்டாயமே இல்ல, ஒம்போது வகை போதும்னு சொல்லிட்டாங்க. சொல்லி என்ன, எத்தனை மாமியார் கேட்டாங்கன்னு தெரியல! இப்போ இளசுங்க நிறைய பேர் லீவுல ஃபிளைட் ஏறி ஜப்பான், வியட்நாம்னு போயிடறாங்க.

சரி, அப்ப நமக்குப் பண்டிகை எங்கருந்து வரும்னா, பசங்க வழியா வரும். இதுக்காகவே சொல்றேன், சின்னவங்கள கொரிய டேகேர்லயோ, யூச்சிவொன்னு சொல்ற கிண்டர்கார்டன்லயோ சேருங்க, வீட்டுல வச்சுக்காதீங்க. பண்டிகைக்கு முந்தின வாரம் ஒரு நாள் எல்லாப் பிள்ளைங்களும் ஹான்போக் போட்டுட்டு வரணும்னு நோட்டீஸ் வரும், அவங்க பட்டுப் பாவாடை சட்டைன்னு வச்சுக்கோங்க, புதுசு வாங்காதீங்க, ஒரே வருஷத்துல சின்னதா போயிரும், செகண்ட் ஹேண்ட் ஆப்ல மலிவாக் கிடைக்கும். சொல்லாலுக்கு பெரியவங்க முன்னாடி எப்படிக் குனிஞ்சு விழணும்னு சொல்லிக் குடுத்து அனுப்புவாங்க, செபேன்னு பேரு, விழுந்தா காசு கிடைக்கும். என் பொண்ணு அதப் புடிச்சுக்கிட்டா. பொங்கலுக்கு வீடியோ கால்ல தாத்தா பாட்டி வந்ததும் போன சுவத்துல சாச்சு வச்சுட்டு, நெத்தில கைய வச்சு முழு செபே போட்டு, எழுந்து "காசு அப்பாவுக்கு ஜிபே பண்ணிடுங்க தாத்தா"ன்னா. எங்கப்பா சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து போன வச்சுட்டாரு.

அப்புறம் யாராவது ஒரு பாட்டி கிடைப்பாங்க. எங்களுக்குக் கிடைச்சவங்க எதிர் வீட்டுப் பாட்டி, மகனுங்க எல்லாம் சுசோக்குக்கு அவங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. முந்தின நாள் சாயங்காலம் கதவத் தட்டி, பொண்ண கூட்டிட்டு வா, சோங்ப்யான் பண்ணலாம்னாங்க. போயி பாத்தா அரிசி மாவுல கொதிக்கற தண்ணி ஊத்திப் பிசைஞ்சு ஈரத்துணி போட்டு மூடி வச்சிருக்காங்க, எள்ளும் சக்கரையும் இடிச்ச பூரணம் ஒரு கிண்ணத்துல. நான் பேசாம உக்காந்து ஒரு உருண்டைய எடுத்து கட்டைவிரலால குழி பண்ணி சொப்பு மாதிரி செஞ்சு, பூரணம் வச்சு, ஓரத்த அழுத்தி அரைவட்டமா மூடி வச்சேன். பாட்டி கண்ணாடிய எறக்கிப் பாத்தாங்க. "உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?" "எங்கம்மா." விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை புடிச்ச கைக்கு இதென்ன பெரிய வித்தையா! ஒரே வித்தியாசம், அவங்க சாதாரணமா சாப்பிடற அரிசியே கொஞ்சம் ஒட்டற மாதிரிதான், அந்த மாவு கொஞ்சம் இழுக்கும், அப்புறம் ஆவில வேக வைக்கறப்ப அடில பைன் மர இலை ஊசி ஊசியா பரப்புவாங்க, வெந்ததும் பச்சத் தண்ணில அலசி நல்லெண்ணெய் தடவுவாங்க, அந்த பைன் வாசனையும் எண்ணெய் வாசனையும் சேந்து வீடு முழுக்க நிக்கும். சோங்ப்யான் அழகாப் புடிச்சா அழகான பொண்ணு பொறக்கும்னு இங்க ஒரு சொல்லு உண்டு, பாட்டி அத எனக்குச் சொல்ல, பக்கத்துல மாவ மூஞ்சில அப்பிக்கிட்டு நின்ன என் மக "நாந்தான் ஏற்கெனவே பொறந்துட்டேனே"ன்னு சண்டைக்குப் போயிட்டா.

சாப்பாடு ஒரு தனிக் கவலை, மாடு பன்னி சாப்பிடாத வீடுன்னா இன்னும். சொல்லால் அன்னிக்கு எல்லாரும் சாப்பிடற தொக்குக், வெள்ளைப் பிடி கொழுக்கட்டைய வில்லை வில்லையா நறுக்கிப் போட்ட சூப்பு, பெரும்பாலும் மாட்டுக்கறி வேக வச்ச தண்ணிதான். டேகேர்ல சேக்கறப்பவே எழுதிக் குடுத்துடுங்க, "புடிக்காது"ன்னு சொல்லாதீங்க, "மத காரணம், சாப்பிட மாட்டோம்"னு தெளிவா சொன்னா அந்த டீச்சருங்க ஒழுங்கா கவனிச்சுக்குவாங்க, கூட முட்டையோ கடல்பாசியோ குடுத்து அனுப்புனா போதும். கம்பெனில பண்டிகைக்கு கிஃப்ட் செட் தருவாங்க, அழகான பெட்டி, தங்கக் கலர் துணிப்பை, தொறந்தா உள்ள ஸ்பாம் டப்பா வரிசையா அடுக்கியிருக்கும், பன்னிக்கறி! இங்க அது மதிப்பான பரிசு, முகஞ்சுளிக்காம வாங்கி செக்யூரிட்டி தாத்தாவுக்குக் குடுத்துடுங்க, அவரு அடுத்த வாரம் உங்களுக்கு பேரிக்காய் குடுப்பாரு. சூரை மீன் டப்பா, சமையல் எண்ணெய், ஷாம்பூ செட்டும் வரும், அதெல்லாம் வீட்டுக்கு ஆகும்.

நம்ம பண்டிகைங்க கதை வேற. தீபாவளி, பொங்கல் எதுக்கும் இங்க லீவு கிடையாது. ஒரே நன்மை நேரம், நாம இந்தியாவுக்கு மூணரை மணி நேரம் முன்னாடி, ஊர்ல நாலு மணிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறப்ப இங்க ஏழரை, பசங்க ஸ்கூல் கெளம்பற நேரம், வீடியோ கால்ல அவங்க வெடிக்கற சத்தத்த கேட்டுட்டு தலைல எண்ணெய் மணத்தோட பஸ்ஸுக்கு ஓட வேண்டியதுதான். அபார்ட்மென்ட்ல பட்டாசு பேச்சே எடுக்காதீங்க. சத்தம்னாலே இங்க பயம், மேல் வீட்டுல பசங்க ஓடுனா கீழ் வீட்டுக்காரங்க புகார் குடுக்கறதுதான் இந்த நாட்டோட நிரந்தரப் பஞ்சாயத்து, அதனால முழு வீட்டுக்கும் தடிமனா மேட் போட்டுருங்க, வந்த மொத வேலை அதுவாத்தான் இருக்கணும். பொங்கலுக்கு வெளில மைனஸ் பத்து, அடுப்பு இண்டக்‌ஷன், சூரியன பால்கனி கண்ணாடி வழியாத்தான் கும்புடணும். ஆனா இட்லி மாவுக்கு கவலையே வேணாம், இங்க வீட்டுத் தரைக்கு அடில சூடு தண்ணி ஓடும், ஒன்டோல், ராத்திரி பாத்திரத்த துண்டு சுத்தி தரையில வச்சா எவ்ளோ குளிர்லயும் காலைல பொங்கி நிக்கும், சென்னைல கூட எனக்கு அப்படி வந்ததில்ல. உளுந்து, புளி, இட்லி அரிசிக்கு சியோல்ல இதேவொன், இல்லன்னா ஆன்சான் வொன்கோக்டாங் பக்கம் போகணும், சுவொன் ஸ்டேஷன் கிட்டயும் வெளிநாட்டு மார்ட் இருக்கு. கருவேப்பிலை கிடைக்கறப்ப வாங்கி ஃப்ரீசர்ல போட்டுக்கங்க. வார நாள்ல வர்ற பண்டிகைய சனிக்கிழமைக்குத் தள்ளி தமிழ்க் குடும்பங்க எல்லாம் ஒரு ஹால் எடுத்து சேந்து சமைப்போம், பசங்களுக்கு அதுதான் தீபாவளி, தேதி எல்லாம் அவங்களுக்குக் கணக்கில்ல.

நவராத்திரிக்கு நான் மூணு படி கொலு வைப்பேன். ஊர்லருந்து தூக்கிட்டு வந்த பொம்மை கொஞ்சம்தான், மீதி இடத்துல எல்லாம் பொரோரோ. தெரியாதவங்களுக்கு, அது கண்ணாடி போட்ட நீலப் பென்குயின், கொரியக் கார்ட்டூன், இங்க ஒவ்வொரு குழந்தைக்கும் அதுதான் தெய்வம். தசாவதாரம் மேல் படி, பொரோரோ கூட்டம் கீழ் படி. கொரிய அம்மாக்கள் வந்து சுண்டல் சாப்பிட்டுட்டு கடைசிப் படிலருந்து ஃபோட்டோ எடுக்க ஆரம்பிப்பாங்க. 2025ல விஜயதசமி அக்டோபர் 2, மறுநாள் 3ஆம் தேதி இங்க தேசிய நாள், அதுலருந்து சுசோக், கொரிய எழுத்துக்குன்னு இருக்கற ஹங்குல் நாள்னு 9ஆம் தேதி வரைக்கும் ஒரே லீவு, நான் கொலுவ எறக்கி பேப்பர்ல சுத்தி முடிக்கறதுக்குள்ள ஊரே காலியாயிருச்சு.

மே மாசம் பத்தியும் ஒரு வார்த்தை. 5ஆம் தேதி குழந்தைகள் நாள், பொது விடுமுறை, பொம்மை வாங்கிக் குடுத்தே ஆகணும், அன்னிக்கு மட்டும் எவர்லேண்ட் தீம் பார்க் பக்கம் போயிராதீங்க, கூட்டம் தாங்காது. 8ஆம் தேதி பெற்றோர் நாள், டேகேர்லருந்து காகிதக் கார்னேஷன் பூ வரும், நெஞ்சுல குத்திக்கணும். 15ஆம் தேதி ஆசிரியர் நாள், இங்கதான் உஷார், 2016லருந்து ஒரு சட்டம் இருக்கு, ஸ்கூல், யூச்சிவொன் டீச்சருக்கு பரிசு குடுக்கக் கூடாது, அவங்களும் வாங்கக் கூடாது. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் கூட அப்படித்தான், பாசமா நீட்டுனா அவங்க ரெண்டு கையையும் ஆட்டிட்டு பின்னாடி போவாங்க. பிள்ளை கையால எழுதுன லெட்டர் குடுங்க.

காசு விஷயமும் ஒரு வார்த்தை. நாட்டோட குழந்தை உதவித்தொகை கொரியக் குடியுரிமை இருக்கற பிள்ளைங்களுக்குத்தான், இங்கயே பொறந்தாலும் நம்ம பிள்ளை இந்தியப் பிரஜைதான். சில நகராட்சிங்க வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு டேகேர் கட்டணத்துல கொஞ்சம் தருவாங்க, ஊருக்கு ஊர் மாறும், சேரறதுக்கு முன்னாடி சிட்டி ஆபிஸ்ல கேட்டுடுங்க. நீண்ட நாள் தங்கற வெளிநாட்டுக்காரங்களுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு கட்டாயம், அது நல்ல விஷயம்.

வர்றதா முடிவு பண்ணிட்டீங்கன்னா மொத வருஷ லீவ மட்டும் முன்கூட்டியே யோசிச்சு வைங்க. பண்டிகைக்கு முந்தின நாளே பால், தயிர், டயப்பர் வாங்கி வச்சுட்டு, அந்த மூணு நாள்ல வீட்டுல உக்காராதீங்க. சியோல் அரண்மனைங்க பண்டிகை நாள்ல வழக்கமா இலவசம், பசங்களுக்கு ஹான்போக் மாட்டி விட்டு கூட்டிட்டுப் போங்க, யோங்கின்ல நாட்டுப்புறக் கிராமம் இருக்கு, நம்ம தாயம் மாதிரி நாலு குச்சிய வீசி ஆடற யுத் விளையாட்டெல்லாம் அங்க ஆடலாம், நம்ம சுவொன்லயே 1796ல கட்டி முடிச்ச ஹ்வாசொங் கோட்டை இருக்கு, மதில் மேல நடந்தா பொழுது போறதே தெரியாது. 2026ல சொல்லால் பிப்ரவரி 17, சுசோக் செப்டம்பர் 25 வெள்ளிக்கிழமை. விநாயகர் சதுர்த்தி அதுக்கு முன்னாடியே 14ஆம் தேதி வந்துருது, வர்றப்ப பெட்டில கொழுக்கட்டை அச்சு போட்டுக்கங்க, இங்க கிடைக்காது.