திறந்தால் அழியும் சாவி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கடனுதவிச் சங்கத்தின் கணக்குகளைக் குறியாக்கம் செய்து கணினியில் வைத்திருக்கிறோம். ஆனால் அவற்றைத் திறக்கும் குறியாக்கச் சாவியும் அதே வட்டில்தான் இருக்கிறது. யாராவது பிரித்தால் சாவி தானே அழியும் பெட்டி ஒன்றைக் குறைந்த செலவில் செய்யலாமா? – வாசகர், ஹட்டன்

பதில்: செய்யலாம். ‘ப்ளூ பில்’ என்ற சிறிய மின்னணு போர்ட்டில் உள்ள எஸ்டிஎம்32எப்103சி8 சிப்பில், பற்றரியில் உயிர்வாழும் 20 பைட் நினைவகம் உண்டு. சிப்பின் பிசி13 என்ற இணைப்புக் காலைக் காவலுக்கு அமைத்துவிட்டால், அதன் மின்னழுத்தம் உயர்நிலைக்குப் போன கணமே அந்த 20 பைட்டும் அழிந்துவிடும். மென்பொருள் ஓட வேண்டியதில்லை, பிரதான மின்சாரமும் தேவையில்லை. 128 பிட் சாவிக்கு 16 பைட் போதும். 256 பிட் சாவிக்கு இடம் காணாது. போலிச் சிப்புகள் நிறைய உலவுவதால், வாங்கியதும் இந்த அழிப்பைச் சோதித்துப் பாருங்கள்.

பிசி13 இலிருந்து புறப்படும் கம்பி, பெட்டியின் ஆறு பக்கமும் நெருக்கமாக வளைந்தோடும் செப்புத் தடத்தையும் மூடியின் மைக்ரோ சுவிட்சையும் கடந்து கிரவுண்டை (பூச்சிய வோல்ட் முனையை) சேரட்டும். தடம் அறுந்தால் காலை உயர்நிலைக்கு இழுக்க 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அதை வெறும் பற்றரியோடு இணைத்தால் ஓட்டை விழும்: திருடர் வெளியிலிருந்து 3.3 வோல்ட் கொடுத்து, பற்றரியைக் கழற்றிவிட்டு, தடத்தை நிதானமாக வெட்டுவார். எனவே பற்றரியையும் 3.3 வோல்ட்டையும் பிஏடி54சி இரட்டை டயோட்டில் சேர்த்து, அதன் பொது முனையிலிருந்து ரெசிஸ்டருக்கும், சிப் பற்றரி மின்சாரம் பெறும் விபேட் காலுக்கும் கொடுங்கள். போர்ட்டில் பிசி13 உடன் இணைந்திருக்கும் எல்இடியை முதலிலேயே கழற்ற வேண்டும்.

சிப்பின் உள்ளடக்கத்தை வெளியிலிருந்து படிக்கவிடாத வாசிப்புத் தடையை நம்பி, சாவியை பிளாஷில் (சிப்பின் நிரந்தர நினைவகத்தில்) வைக்க வேண்டாம். இந்த ரகத்தில் அந்தத் தடையை உடைக்கலாம் என்பது 2020 இல் காட்டப்பட்டது. தடை போட்டாலும், சிப்பைச் சோதிக்கவும் நிரல் ஏற்றவும் பயன்படும் எஸ்டபிள்யூடி கால்கள் வழியே அந்த 20 பைட்டையும் படிக்கலாம். அந்தக் கால்களை வெட்டி, முழு போர்ட்டையும் தடத்துக்குள் வைத்து எபோக்சி ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சூடேறிச் சுருங்கும்போது தடம் அறும். மெல்லிய படைகளாக ஊற்றுங்கள். சிஆர்2032 பற்றரி வெளியே இருக்கலாம்; அதைத் திருடினால் சாவிதான் அழியும்.

பெட்டியை மூடுமுன், 1979 இல் குறியாக்க அறிஞர் அடி ஷமீர் வெளியிட்ட முறைப்படி சாவியை மூன்று பங்காக்குங்கள். தலைவர், செயலாளர், பொருளாளரில் எவரேனும் இருவர் சேர்ந்தால் சாவி மீளும். தனிப் பங்கிலிருந்து எதுவும் தெரியாது. இதைச் செய்யாமல் பெட்டியைப் பாவிக்கவே கூடாது.

கேள்வி: இந்தப் பெட்டியைச் செய்தேன். யாரும் தொடாமலே சாவி அழிகிறது. ஆனால் பனிமூட்ட நாளொன்றில் மூடியைத் திறந்தும் அழியவில்லை. 10 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். – வாசகர், நுவரெலியா

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். அழியாமல் போனதற்குக் காரணம் ஈரம். போர்ட்டில் பிளக்ஸ் (பற்றவைக்கும் பசை) எச்சமும் பனியும் சேர்ந்து 3 மெகா ஓம் அளவு கசிவுப் பாதை உண்டானாலே, சுவிட்ச் திறந்த பிறகும் காலில் 0.7 வோல்ட்தான் நிற்கும். சிப் அதைத் தாழ்நிலை என்றே எடுத்துக்கொள்ளும். 1 மெகா ஓமுக்கு மாறுங்கள். மின்னோட்டம் 3 மைக்ரோ அம்பியர் ஆகும். 220 மில்லி அம்பியர் மணி கொண்ட பற்றரிக்கு அது பெரிய பாரமல்ல. போர்ட்டை ஐசோப்ரோபைல் அல்கஹோலால் கழுவி, நன்றாக உலர்த்தி, வார்னிஷ் பூசுங்கள்.

தானாக அழிவது பெரும்பாலும் சுவிட்சால். சாதாரண வெள்ளித் தொடுமுனையில் படியும் மென்படலத்தை இவ்வளவு சிறு மின்னோட்டம் துளைக்காது. தங்கமுலாம் பூசிய தொடுமுனைச் சுவிட்ச் வாங்குங்கள். பிசி13 இற்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோ பாரட் கபாசிட்டர் வைத்தால், அழிப்பு ஏறத்தாழ 0.1 விநாடி தாமதிக்கும். சுவிட்சின் நொடிநேர நடுக்கமும், ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னலில் வரும் துடிப்பும் சாவியைத் தொடாது. கபாசிட்டரும் தடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கேள்வி: சாவியைத் தனக்குள்ளேயே வைத்துக் காக்கும் ஏடிஇசிசி608பி போன்ற ஆயத்தச் சிப் போதாதா? – வாசகர், தலவாக்கலை

பதில்: சாவியை நகலெடுக்க விடாமல் அது நன்றாகவே காக்கும், விலையும் குறைவு. ஆனால் பெட்டியோடு சேர்த்துத் திருடினால், திருடருக்கும் அதே சேவையைச் செய்யும். இரண்டையும் சேர்த்துப் பாவிப்பதே நல்லது: ஏடிஇசிசி சிப்பிடம் சேவை பெறக் காட்ட வேண்டிய இரகசியத்தை அந்த 20 பைட்டில் வையுங்கள். ஏடிஇசிசி சிப்பின் அமைப்புப் பகுதியைப் பூட்டினால் மீண்டும் திறக்க இயலாது. உதிரிச் சிப் ஒன்றில் முழு அமைப்பையும் சோதித்த பின்பே பூட்டுங்கள்.